கம்மி விலைல ஷாட்கன் மைக்: நம்ம செட்டிநாட்டு வீட்டுக்கும் வெளிக்கும் எத வாங்குறது

"அண்ணே, அஞ்சாயிரத்துக்குள்ள நல்ல ஷாட்கன் மைக் ஒண்ணு சொல்லுங்க"ன்னு யாராவது கேட்டா நான் மைக் பேரு சொல்றதே இல்ல, எங்க வச்சு எடுக்கப் போறீங்கன்னு தான் திருப்பிக் கேப்பேன். கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டு வளவுக்குள்ள (நடு முற்றமும் அத சுத்துன தாழ்வாரமும்) எடுக்குறது, சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டல்ல எடுக்குறது, அடுப்படில ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊத்துறத எடுக்குறது, மூணும் மூணு வேற வேலை. ஒரே மைக்க தூக்கிட்டு மூணுக்கும் போனீங்கன்னா ஒண்ணுல சூப்பரா இருக்கும், ஒண்ணுல சுமாரா இருக்கும், ஒண்ணுல கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். அதனால எடம் மொதல்ல, வாய்க்கும் மைக்குக்கும் எவ்ளோ தூரம்ங்கறது ரெண்டாவது, கம்பெனி பேரு மூணாவது தான். ரிவ்யூ வீடியோ போடுறவங்க இத தலகீழா சொல்லுவாங்க, ஏன்னா அவங்க பேசுற ரூம்ல நாலு செவுத்துலயும் ஃபோம் ஒட்டிருக்கும், நம்ம வீட்டுல ஒட்ட விடுவாங்களா.

மொதல்ல ஒரு தப்பான எண்ணத்த தூக்கிப் போட்டுருவோம். ஷாட்கன் மைக் தூரத்துல இருக்குற சத்தத்த இழுத்துட்டு வராது. கேமரா லென்ஸ் ஜூம் ஆகுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணு தான், சைடுல இருந்து வர்ற சத்தத்த குறைக்கும். எப்படின்னா, மைக் கேப்சூலுக்கு (சத்தத்த வாங்குற பாகம்) முன்னாடி ஒரு நீளக் குழாய் இருக்கும், அந்தக் குழாயோட பக்கவாட்டுல வரிசையா கீறல் இருக்கும் பாத்திருப்பீங்க. நேரா முன்னாடி இருந்து வர்ற சத்தம் குழாய் வழியா ஒழுங்கா உள்ள போயிரும். சைடுல இருந்து வர்றது ஒவ்வொரு கீறல் வழியாவும் கொஞ்சம் முன்ன பின்ன நேரத்துல நுழையும், அதனால உள்ள போய் ஒண்ண ஒண்ணு அடிச்சுக் காலி பண்ணிரும். இவ்ளோ தான் சூட்சுமம்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, இது புரிஞ்சா பாதி காசு மிச்சம். அந்தக் குழாய விட அலை நீளம் சின்னதா இருக்குற சத்தத்த தான் அதால வெட்ட முடியும். 25 சென்டிமீட்டர் குழாய்னா 1,400 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஆரம்பிச்சு அதுக்கு மேல தான் குழாய் வேலை செய்யும், அதுக்குக் கீழ உள்ளது எல்லாம் கேப்சூல் என்ன டைப்போ அந்த டைப்புக்கு தான் கேக்கும். ஜெனரேட்டர் உறுமல், பஸ் இஞ்சின், பக்கத்துத் தெரு குழாய் ஸ்பீக்கர்ல வர்ற அடித்தொண்டைப் பாட்டு, இதெல்லாம் அதுக்குக் கீழ தான் இருக்கு. அப்போ எட்டு சென்டிமீட்டர் நீளத்துல கேமரா மேல மாட்டுற குட்டி மைக்க ஷாட்கன்னு பெட்டில போட்டிருந்தாலும் அது அர்த்தத்துல ஷாட்கன் இல்ல, ஒரு கார்டியாய்டோ (முன்பக்கம் நல்லா கேட்டு பின்பக்கத்த குறைக்குற மைக்) சூப்பர்கார்டியாய்டோ (அத விடக் கொஞ்சம் குறுகலா கேக்குறது) தான். அது மட்டம்னு சொல்ல வரல. அத வாங்கிட்டு பத்தடில நின்னு பேசுனா கேக்கும்னு நம்பாதீங்கன்னு தான் சொல்றேன்.

மைக் பாக்குறதுக்கு முன்னாடி உங்க கேமராவ திருப்பி ஓட்டைய பாருங்க. கேனான் 1500டி, நிக்கான் டி3500 இந்த ரெண்டுலயும் மைக் ஓட்டையே கிடையாது, நம்ம பக்கம் கல்யாண வேலை கத்துக்குற பசங்க நிறைய பேரு கைல 1500டி தான் இருக்கு, அத வச்சுக்கிட்டு மைக் தேடுறாங்க. இந்தக் கேமரா வச்சிருக்குறவங்களுக்கு மைக்கோட தனியா ஒரு ரெக்கார்டரும் வேணும், இல்லன்னா ஃபோன்லயே சத்தத்த ரெக்கார்ட் பண்ணிட்டு அப்புறம் எடிட்ல சேக்கணும், ஆரம்பத்துல ஒரு கைதட்டு தட்டிக்கிட்டா சேக்குறது சுலபம். கேனான் 200டி மார்க் 2ல மைக் ஓட்டை இருக்கு, ஹெட்ஃபோன் ஓட்டை இல்ல. சோனி இசட்வி-ஈ10ல ரெண்டும் இருக்கு. ஹெட்ஃபோன் ஓட்டை இருக்குறது எவ்ளோ பெரிய விஷயம்னு போகப் போகத் தெரியும்.

ஃபோன்ல எடுக்குறவங்களுக்கு வேற சிக்கல். பின் பாருங்க, கருப்புக் கோடு ரெண்டு இருந்தா டிஆர்எஸ், அது கேமராவுக்கு. மூணு கோடு இருந்தா டிஆர்ஆர்எஸ், அது ஃபோனுக்கு. மாத்திக் குத்துனா ஃபோனு மைக்க கண்டுக்காது, அதோட சொந்த மைக்லயே எடுத்துத் தள்ளிரும், நீங்க வீட்டுக்கு வந்து தான் பாப்பீங்க. 3.5 எம்எம் ஓட்டையே இல்லாத ஃபோனுன்னா யூஎஸ்பி-சி அடாப்டர் வேணும், அதுலயும் மைக் சிக்னல் எடுக்குற அடாப்டர் தானான்னு கேட்டு வாங்கணும், பாட்டு கேக்க மட்டும் ஆகுற அடாப்டர் நிறைய சுத்துது. ஃபோனோட கூடவே வர்ற கேமரா ஆப் சிலது வெளி மைக்க எடுக்காது, ஆண்ட்ராய்டுல ஓபன் கேமரான்னு இலவச ஆப் இருக்கு, அதுல ஆடியோ சோர்ஸ்ல போய் வெளி மைக்குன்னு நாமளே சொல்லலாம்.

இப்ப வீட்டுக்கு வருவோம், நம்ம ஊருல இது தான் பெரிய பஞ்சாயத்து. செட்டிநாட்டு வீடுன்னா வீடியோக்கு அவ்ளோ அழகு, ஆனா சத்தத்துக்கு? சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் போட்டு தேச்சுத் தேச்சு கண்ணாடி கணக்கா பளபளக்க வச்ச செவுரு, தரைல ஆத்தங்குடிக் கல்லு இல்லன்னா இத்தாலி மார்பிள், பர்மா தேக்குத் தூணு, ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி, இதுல ஒண்ணு கூட சத்தத்த உறிஞ்சாது. ஒரு வார்த்த சொன்னா அது செவுத்துல பட்டு, தரைல பட்டு, உத்தரத்துல பட்டு அப்புறம் தான் அடங்கும். இந்த மாதிரி எடத்துல நீளமான ஷாட்கன் மைக் வச்சா நல்லா இருக்கும்னு தான் தோணும், சைட குறைக்கும்ல, ஆனா நடக்குறது வேற. நேரா வர்ற குரலே செவுத்துல பட்டு சைடுல இருந்தும் பின்னாடி இருந்தும் திரும்ப மைக்குக்கு வருது, அந்த எதிரொலில மேல் சுரத்த மட்டும் குழாய் அங்கங்க வெட்டும், கீழ் சுரம் அப்படியே நிக்கும், ரெண்டும் கலந்து குரலு ஒரு மாதிரி பொந்துக்குள்ள அடைச்சுக் கேக்கும். பேசுறவங்க தலைய கொஞ்சம் திருப்புனாக் கூட குரலோட நிறம் மாறும். எடிட்ல இத சரி பண்ணவே முடியாது, சாஃப்ட்வேர் என்ன தான் எக்கோ எடுத்தாலும் குரலையும் சேத்து மென்னு துப்பிரும்.

அதனால வீட்டுக்குள்ள பேட்டி, ஹோம் டூர், ஆச்சிமார் கத சொல்றது, அப்பத்தா தாலாட்டு பாடுறது இது தான் உங்க வேலைன்னா நீளக் குழாய் மைக்க விட்டுட்டு பென்சில் சைஸ்ல வர்ற சூப்பர்கார்டியாய்டு, ஹைப்பர்கார்டியாய்டு (இன்னும் குறுகலா கேக்குறது) மைக் பாருங்க, இல்லன்னா குட்டையான ஷாட்கன் பாருங்க. சினிமாக்காரங்களும் வெளில நீளத்தயும் உள்ள ஹைப்பர்கார்டியாய்டையும் தான் மாத்தி மாத்தி வைப்பாங்க. ஒரே ஆள் உக்காந்து பேசுறதுன்னா, சொன்னா கோச்சுக்காதீங்க, ஷாட்கன்னே வேணாம். போயா பிஒய்-எம்1 மாதிரி சட்டைல குத்துற ஒயர் மைக் ஆயிரம் ரூபா பக்கம் தான், 6 மீட்டர் ஒயரோட வரும், நெஞ்சுக்கு கிட்டயே இருக்குறதுனால எதிரொலி தானா அமுங்கிரும், அந்த வேலைக்கு பத்தாயிரம் ரூபா ஷாட்கன கேமரா மேல வச்சாலும் இதுக்கு ஈடு குடுக்காது. பட்டுச்சேல உரசுற சத்தம் வரும், அது மட்டும் பாத்து குத்துங்க.

வீட்டுக்குள்ள எங்க உக்கார வைக்கிறதுங்கறதும் மைக் வாங்குறதுல பாதி தான். பாக்க அழகா இருக்குன்னு போஜன ஹால் நடுவுல நாற்காலி போடாதீங்க, அங்க தான் முழங்கும். வளவுல வானம் பாத்த முற்றத்த ஒட்டி உக்கார வச்சா மேல கூரை இல்லாததுனால சத்தம் மேல போயிரும், நல்லாவே அடங்கும், என்ன, சிட்டுக்குருவியும் அணிலும் சேந்து பேசும், அது ஊர் சத்தம் தான், இருந்துட்டுப் போகட்டும். ஹால் தான் வேணும்னு வீட்டுக்காரங்க சொன்னா ஃப்ரேமுக்கு வெளில தரைல ரெண்டு ஜமுக்காளத்த விரிங்க, கேமராவுக்குப் பின்னாடி ஸ்டாண்டுல ஒரு மெத்தயோ கனமான போர்வையோ தொங்க விடுங்க. இந்த வீடுகள்ல ஜமுக்காளத்துக்கு பஞ்சமே இருக்காது, விசேஷத்துக்குன்னு அடுக்கி வச்சிருப்பாங்க, கேட்டா குடுப்பாங்க. செலவு இல்லாம ஒரு பத்தாயிரம் ரூபா மைக் வித்தியாசம் வந்துரும்.

தூரம். தூரம் ரெண்டு மடங்கு ஆனா வெளில நேரா வர்ற சத்தம் 6 டெசிபல் குறையும். அரை மீட்டர்ல இருந்து ஒரு மீட்டர், ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டர், ஒவ்வொரு தடவையும் 6. ஆனா ரூமோட எதிரொலி குறையாது, அது எங்க நின்னாலும் கிட்டத்தட்ட அதே அளவு தான் இருக்கும். அப்ப கேமரா மேல மாட்டி ரெண்டரை மீட்டர்ல நிக்குறது யாருக்கு லாபம்? மைக்க கேமராவுல இருந்து எறக்குங்க. ஒரு நீளமான ஒயரு, ஒரு கம்பு, ஒரு ஸ்டாண்டு. பூம் போல் (மைக்க நீட்டிப் பிடிக்குற கம்பு) விலை ஜாஸ்தின்னா நீட்டி மடக்குற அலுமினிய ஒட்டடைக் கம்பு இருக்குல்ல அதுல ஷாக் மவுண்ட (மைக்குக்கு ஆட்டம் ஏறாம ரப்பர்ல தாங்குற புடி) கிளாம்ப் போட்டுக் கட்டுங்க, ஆடாம இருந்தா சரி. தலைக்கு மேல முன்பக்கமா ஃப்ரேமுக்கு சரியா வெளில நிறுத்தி, வாய்ல இருந்து நெஞ்சு நோக்கி சாய்ச்சு வைங்க, நாப்பது அம்பது சென்டிமீட்டர்ல வந்துரும். மூவாயிரம் ரூபா மைக் அம்பது சென்டிமீட்டர்ல இருக்குறது முப்பதாயிரம் ரூபா மைக் மூணு மீட்டர்ல இருக்குறத விட நல்லாக் கேக்கும், இது அடிச்சு சொல்றேன்.

மேல இருந்து பிடிக்கும்போது ஃபேன கவனிங்க. சூப்பர்கார்டியாய்டு, ஷாட்கன் ரெண்டுக்கும் நேர் பின்னாடியும் கொஞ்சம் காது இருக்கு, நல்லா செவிடா இருக்குறது பின்பக்கம் ரெண்டு சைடுலயும் சாஞ்ச எடத்துல, சூப்பர்கார்டியாய்டுல 126 டிகிரி பக்கம், ஹைப்பர்கார்டியாய்டுல 110 டிகிரி பக்கம். செங்குத்தா கீழ பாத்து பிடிச்சீங்கன்னா மைக்கோட பின்பக்கம் சரியா சீலிங் ஃபேன பாக்கும். கொஞ்சம் சாய்ச்சா ஃபேன் அந்த செவிட்டு எடத்துக்கு வந்துரும். ஃபேன நிறுத்த முடிஞ்சா அத விட நல்லது, சித்திரை மாசத்துல யாரும் விட மாட்டாங்க. ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்க, நிறுத்துனதும் பைக் சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருங்க, சாவி இல்லாம கெளம்ப முடியாதுல்ல, திரும்ப ஆன் பண்ண ஞாபகம் வரும். இல்லன்னா மறுநாள் அந்த வீட்டு ஆச்சிகிட்ட நீங்க தான் பதில் சொல்லணும்.

சரி, மைக் பேரு. நான் சொல்ற ரேட்டு எல்லாம் சுமாரு தான், ஆஃபர் வரும் போகும்.

ரெண்டாயிரம் பக்கம்னா போயா பிஒய்-எம்எம்1. கார்டியாய்டு தான், பேட்டரி வேணாம், கேமரா குடுக்குற பிளக்-இன் பவர்லயே ஓடும், டிஆர்எஸ் டிஆர்ஆர்எஸ் ரெண்டு ஒயரும் பெட்டில வரும், முடி வச்ச விண்ட்ஷீல்டும் (காத்து சத்தத்த தடுக்குற உறை) வரும். ஃபோன்ல ஆரம்பிக்குறவங்களுக்கு இது போதும். இதே விலைக்குக் கொஞ்சம் மேல டாக்ஸ்டார் எஸ்ஜிசி-598, கொஞ்சம் நீளம், ஒரு ஏஏ பேட்டரி போடணும், லோ கட்டும் (அடிக்கனத்த சத்தத்த வெட்டுறது) 10 டெசிபல் பூஸ்ட்டும் ஸ்விட்ச்சா இருக்கும். பூஸ்ட் எதுக்குன்னா கம்மி விலை கேமராவோட உள் ஆம்ப்ளிஃபயர் இரையும், மைக்லயே சத்தத்த ஏத்தி கேமரால கெய்ன (சத்தத்த ஏத்துற அளவு) குறைச்சு வச்சா அந்த இரைச்சல் கம்மியாகும். ஃபோன் சிக்னல் மைக்ல ஏறாம இருக்க ஃபோன மட்டும் ஃப்ளைட் மோடுல போட்டு தள்ளி வைங்க, எந்த மைக்கா இருந்தாலும் இது செய்யணும்.

அஞ்சாயிரம் பக்கம் ரோட் வீடியோமைக்ரோ. 2015ல வந்தது, 8 சென்டிமீட்டர் நீளம், 42 கிராம் எடை, கார்டியாய்டு, பேட்டரி இல்ல, ஷாக் மவுண்டும் முடி விண்ட்ஷீல்டும் கூடவே வரும். ஃபோனுக்குக் குத்தணும்னா எஸ்சி7ன்னு ஒரு ஒயர தனியா வாங்கணும், அதுல சாம்பல் கலர் பின் ஃபோனுக்கு. உலகம் பூரா கல்யாணக்காரங்க இத தான் கேமரா மேல வச்சிருக்காங்க, ஒடையாது, கெடாது, ஆனா இதோட சொந்த இரைச்சல் (சும்மா இருக்கும்போதே மைக்குக்குள்ள இருந்து வர்ற சத்தம், நம்பர் கம்மியா இருந்தா நல்லது) 20 டிபி-ஏ, அமைதியான எடத்துல மெதுவா பேசுற ஆள எடுத்தா ஸ்ஸ்ஸ்னு கேக்கத் தான் செய்யும். இதோட அடுத்தது வீடியோமைக்ரோ 2, அது சூப்பர்கார்டியாய்டு.

பத்தாயிரத்துக்குள்ள வந்தா ரோட் வீடியோமைக் கோ 2, சென்ஹைசர் எம்கேஈ 200 ரெண்டுல ஒண்ணு. கோ 2ல 3.5 எம்எம் ஓட்டையும் யூஎஸ்பி-சியும் இருக்கு, அதாவது பகல்ல கேமராவுல, ராத்திரி லேப்டாப்ல நேரா குத்தி வாய்ஸ் ஓவர் பேசலாம். ஒரே மைக் தான் வாங்க முடியும்னா எனக்கு இது தான் தோணும். எம்கேஈ 200 குட்டையா அழகா இருக்கும், ஷாக் மவுண்டு உள்ளயே இருக்கு, ஆனா ஒரு ஸ்விட்ச்சும் கிடையாது. இன்னும் கொஞ்சம் போட முடிஞ்சா எம்கேஈ 400ல லோ கட், மூணு நிலை சென்சிட்டிவிட்டி (சத்தத்த எவ்ளோ பெருசா எடுக்கணும்ங்கறது) ஸ்விட்ச், அத விட முக்கியமா மைக்லயே ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கு, எடுக்கும்போதே சத்தத்த கேட்டுப் பாத்துக்கலாம். 200டி மாதிரி ஹெட்ஃபோன் இல்லாத கேமரா வச்சிருக்குறவங்களுக்கு இது வரப்பிரசாதம், ரெண்டு ஏஏஏ பேட்டரி போடணும் அவ்ளோ தான்.

அதுக்கு மேல எக்ஸ்எல்ஆர் மைக், அதாவது மூணு முள்ளு வச்ச உருண்டைப் பின் குத்துற மைக். இங்க தான் நிறைய பேரு காச விட்டுர்றாங்க. ஆடியோ-டெக்னிக்கா ஏடி875ஆர், ரோட் என்டிஜி1 ரெண்டுக்கும் ஃபேன்டம் பவர் (மைக் ஒயர் வழியாவே மைக்குக்குப் போற கரண்ட்) கட்டாயம், சாதாரண கேமரா அத குடுக்காது, 3.5 எம்எம் கன்வெர்ட்டர் ஒயரப் போட்டாலும் மைக் பொணமா கெடக்கும். ஜூம் எச்5 மாதிரி ரெக்கார்டரோ இன்டர்ஃபேஸோ இருந்தா தான் இது உங்களுக்கு. ரோட் என்டிஜி2, சென்ஹைசர் எம்கேஈ 600 இதெல்லாம் ஏஏ பேட்டரிலயும் ஓடும், ஃபேன்டம்லயும் ஓடும், அதனால இன்னைக்கு கேமராவுல குத்திட்டு நாளைக்கு ரெக்கார்டர் வாங்குனதும் அதுல மாட்டிக்கலாம். எம்கேஈ 600 இருபத்தஞ்சாயிரத்த தாண்டும், இரைச்சல் ஃபேன்டம்ல 15 டிபி-ஏ, கல்யாண வேலை, குறும்படம் ரெண்டும் பண்றவங்க ஒரு தடவ போட்டா வருஷக் கணக்குல ஓட்டலாம். ஏடி875ஆர் 17.5 சென்டிமீட்டர் தான், குட்டை, அதனால நம்ம வீட்டு ஹால்ல நீளத்த விட கொஞ்சம் மரியாதையா நடந்துக்கும். சினிமாக்காரங்க வச்சிருக்குற எம்கேஎச் 416ல இரைச்சல் 13 டிபி-ஏ, ஈரப்பதத்துக்கு அசராது, விலை நம்ம பேச்சுக்கு வெளில, வேணும்னா வாடகைக்கு எடுங்க.

ஸ்பெக் ஷீட்ல நான் பாக்குறது இந்த சொந்த இரைச்சல் நம்பர் தான், 20க்கு மேல போனா அமைதியான வேலைக்கு வாங்காதீங்க. ஆத்தங்குடில கல்லு போடுறத எடுக்கப் போனவங்களுக்குத் தெரியும், கண்ணாடித் தகடு மேல கலர ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணில போட்டு வெயில்ல காய வைப்பாங்க, சூளையும் கிடையாது நெருப்பும் கிடையாது. மொத்த வேலையும் அவ்ளோ சத்தமில்லாம நடக்கும், அந்தக் கலர் வழியுற சத்தத்த புடிக்கணும்னா இரைச்சல் கம்மியான மைக் கிட்டக்கப் போகணும். கண்டாங்கி நெசவுக்குப் போனா நேர் எதிரு, தறி டக்கு டக்குனு போட்டுத் தள்ளும், அங்க இரைச்சல் நம்பர யாரு பாத்தா, மூவாயிரம் ரூபா மைக்கே போதும், நெசவுக்காரர் பேசுறத மட்டும் தறிய நிறுத்திட்டு தனியா எடுத்துக்கங்க. இத்தன ஹெர்ட்ஸ்ல இருந்து இத்தன ஹெர்ட்ஸ் வரைக்கும்னு பெட்டில போட்டிருக்குறது எல்லா மைக்லயும் இருக்கும், அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

கல்யாண வேலைக்கு ஒரு வார்த்த. திருப்பூட்டுற (தாலி கட்டுற) நேரத்துல நாதஸ்வரமும் தவிலும் கெட்டிமேளம் கொட்டும், மைக் தாங்கும், கேமரா தாங்காது, சத்தம் கிழிஞ்சுரும். அதனால சென்சிட்டிவிட்டி குறைக்குற ஸ்விட்ச் இருக்குற மைக் வாங்குனா நிம்மதி, இல்லன்னா கேமரால ஆட்டோ லெவல ஆஃப் பண்ணிட்டு மேளத்துக்குன்னே கெய்ன இறக்கி வச்சுக்கங்க, உச்சம் மைனஸ் 12ல நிக்கட்டும். ஆட்டோல விட்டீங்கன்னா மேளம் நின்னதும் கெய்ன் தானா மேல ஏறி பந்தில யாரு எல கேட்டாங்கங்கறது வரைக்கும் கேக்கும். காரைக்குடி கம்பன் விழா மாதிரி மேடைப் பேச்சு எடுக்கப் போனா ஷாட்கன நம்பாதீங்க, மைக்செட் அண்ணன்கிட்ட பவ்யமா கேட்டு மிக்சர்ல இருந்து ஒரு லைன் வாங்கிக்கங்க, ஷாட்கன கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் வைங்க. மிக்சர்ல இருந்து வர்ற சிக்னல் (லைன் லெவல்) மைக் சிக்னல விட பலமா இருக்கும், அத அப்படியே கேமரா மைக் ஓட்டைல குத்துனா சத்தம் கிழியும், நடுவுல குறைக்குற ஒயரோ ரெக்கார்டரோ போடணும்.

சமையல் வீடியோவுக்கு மைக் கடாய்க்கு நேர் மேல வரக் கூடாது, ஆவியும் எண்ணெயும் கேப்சூல்ல படிஞ்சா மைக்கோட ஆயுசு போச்சு. சைடுல தாழ்வா வச்சு கடாய பாக்க விடுங்க, சீயம் எண்ணெய்ல விழுற சத்தம் அப்படியே வரும். ஆச்சி பேசுறதுக்கு சேலைல தனி மைக். ஒரே ஷாட்கன்ல ரெண்டயும் புடிக்க நெனச்சா ரெண்டும் அரகொற தான்.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, மைக் என்ன பாவம் பண்ணுச்சு. கூட வர்ற கருப்பு ஃபோம் ஸ்பாஞ்சு வீட்டுக்குள்ள "ப", "ஃப" வெடிக்குறத தடுக்க தான், வெளி காத்துக்கு அது காணாது. முடி வச்ச விண்ட்ஷீல்டு கட்டாயம், மைக்கோட வரலன்னா அந்தக் காசயும் சேத்து தான் மைக் விலைன்னு கணக்குப் போடுங்க. நீளமான செயற்கை முடித் துணி வாங்கி டெய்லர்கிட்ட குடுத்து மைக் அளவுக்கு உறை தச்சுக்கலாம், துணிக்குப் பின்பக்கம் ஊதிப் பாருங்க, மூச்சு போற துணியா இருக்கணும், ரப்பர் பூச்சு இருந்தா சத்தமும் போகாது. கூடவே லோ கட்ட ஆன் பண்ணுங்க, 75ல இருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டுனா பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது. ஜெனரேட்டர் சத்தம் அதுல முழுசா போகாது, அது மேல வரைக்கும் அடுக்கடுக்கா ஏறி நிக்கும், ஒயர் நீட்டி ஜெனரேட்டர வீட்டுக்குப் பின்பக்கம் தள்ளுறது தான் வழி.

எங்க வாங்குறது? காரைக்குடில கேமரா கடைல கேட்டா ரெண்டு மூணு மாடல் இருக்கும், மெட்ராஸ் போறவங்க ரிச்சி ஸ்ட்ரீட் பாப்பீங்க, மத்தவங்க ஆன்லைன். எங்கயா இருந்தாலும் ஜிஎஸ்டி பில், சீரியல் நம்பர் ரெண்டும் வேணும், பேரு போன மைக்குக்கு எல்லாம் டூப்ளிகேட் ஓடுது, மத்த கடைய விட பாதி விலைன்னா யோசிக்கவே வேணாம். கடைல டெஸ்ட் பண்ண உங்க கேமராவயும் ஒயர் ஹெட்ஃபோனயும் கொண்டு போங்க, ப்ளூடூத் வேணாம், அது லேட்டாக் கேக்கும். மைக்க மாட்டி, அரை மீட்டர்ல நின்னு "சசி, சங்கரன், சர்க்கரை"ன்னு பேசிப் பாருங்க, சகரம் ஊசியா குத்துனா வீட்டுல கண்ணாடிச் செவுத்துக்குள்ள இன்னும் குத்தும். அப்படியே மைக்கோட சைடுக்கு நடந்து போய் அதே வார்த்தைய சொல்லுங்க, குரலு மெலியணும் ஆனா அசிங்கமா மாறக் கூடாது. சாவிக்கொத்த ஆட்டுங்க, ஒயர லேசா அசைங்க, கர்ருன்னா ஓட்டை லூசு. கடைசியா யாரும் பேசாம பத்து செகண்ட் எடுத்து சத்தத்த ஏத்திக் கேளுங்க.

பழசு வாங்குறதா இருந்தா மழைக்காலத்துல, ஐப்பசி கார்த்திகைல டெஸ்ட் பண்ணுங்க, அதுல ஒரு தந்திரம் இருக்கு. கண்டென்சர் மைக்குல ஈரம் ஏறியிருந்தா அப்ப தான் பொரியுற சத்தம் வெளில வரும், வெயில் காலத்துல ஒண்ணும் தெரியாது. பேட்டரி மூடிய தொறந்து பச்சையா பூத்திருக்கான்னு பாருங்க, பூத்திருந்தா பழைய ஓனர் பேட்டரியப் போட்டு அப்படியே அலமாரில மறந்துட்டாருன்னு அர்த்தம். ஷாக் மவுண்டு ரப்பர் விட்டுப் போயிருந்தா அதுக்காக வேணாம்னு சொல்லாதீங்க, ரப்பர் தனியா கிடைக்கும், அதக் காட்டி ஐநூறு ஆயிரம் குறைச்சுக் கேளுங்க, மனசு இருந்தா குறைப்பாங்க.